ஒளியால் இறுகும் ரெசினுக்குள் கரையும் வாயு: நானோ அச்சுப்பதிப்பில் இறங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில், வளைந்த திரைக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டுவதைச் சற்று நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் திரையின் நடுவில் சில சொட்டுப் பசையை விடுகிறார். கண்ணாடியை ஒரு முனையிலிருந்து மெல்லச் சாய்த்து இறக்குகிறார். பசை பரவிக் குமிழிகள் வெளியேறும்வரை காத்திருந்து, பின் சிறிய புறஊதா விளக்கைப் பிடிக்கிறார். இரண்டு நிமிடத்தில் நடுப்பகுதி இறுகிவிடுகிறது. ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பசை மட்டும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது; அதைத் துணியால் துடைத்தெடுக்கிறார். நானோமீட்டர் அளவிலான வடிவங்களை அச்சால் அழுத்திப் பதிக்கும் நானோ அச்சுப்பதிப்பில் வாயு தரும் இரண்டு முக்கியத் தொல்லைகளும் இந்தச் சிறு வேலைக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று, சிக்கிக்கொண்ட காற்று வெளியேற இடமின்றிக் குமிழியாக நிற்பது. மற்றொன்று, காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்தப் பசையைப் போல ஒளியால் இறுகும் திரவமான ரெசினுக்குள் புகுந்து இறுகுதலைத் தடுப்பது.

மூன்றாவது தொல்லை ஒன்றும் உண்டு. அது கடையில் கண்ணுக்குத் தெரியாது. நானோமீட்டர் அளவில்தான் வெளிப்படும். குமிழியைப் போக்குவதற்காக நாம் தேர்ந்தெடுக்கும் வாயுவே ரெசினில் கரைந்து, அதன் பாகுநிலையையும் (ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை) இறுதி உருவத்தையும் மாற்றிவிடுகிறது. இத்துறையில் புதிதாக நுழையும் மாணவர்கள் வாயுவைச் சூழல் என்றும் ரெசினைப் பொருள் என்றும் பிரித்தே சிந்திக்கிறார்கள். அந்தப் பிரிவினைதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அச்சு இறங்கும் நொடியில் வாயுவும் ரெசின் கலவையின் ஓர் உட்பொருளாகிவிடுகிறது. அதன் அளவையும் தெரிந்துகொண்டுதான் கலவையை வகுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த அடிப்படையில் எழுதப்பட்டது.

முதல் படி: செயல்முறையில் வாயு எங்கே நிற்கிறது என்று அறிதல்

சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டிப் பாகு ஆறி இறுகியதும் சிரட்டையின் உள்வடிவத்தை அப்படியே ஏற்று வெளிவருகிறது. நானோ அச்சுப்பதிப்பின் அடிப்படையும் அதுவே. 1995-இல் ஸ்டீபன் சௌ குழுவினர் வெளியிட்ட முறையில் பாலிமரைச் சூடாக்கி இளக்கி, அச்சை அழுத்தி, ஆறவைத்துப் பிரித்தார்கள். 1996-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹைஸ்மா குழுவினர், சூடேற்றுவதற்கு மாற்றாகப் புறஊதா ஒளியால் இறுகும் திரவ ரெசினைப் பயன்படுத்தினர். 1990-களின் இறுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிரான்ட் வில்சனும் எஸ்.வி. சீனிவாசனும் இதே கருத்தை வளர்த்து, ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ் அச்சைப் பகுதி பகுதியாக நகர்த்திப் பதிக்கும் முறையை உருவாக்கினர். சில்லு உற்பத்திக்கென்று இன்று விற்பனைக்கு வரும் அச்சுப்பதிப்புப் பொறிகள் அந்த வழியில் வந்தவையே.

ஒளிவழி முறையில் ரெசின் நீர்போல இளகியிருப்பதால் பெரிய அழுத்தம் தேவையில்லை. அறை வெப்பநிலையே போதும். ஆனால் அச்சிலுள்ள ஒவ்வொரு குழியும் ஒரு முனை மூடிய பாத்திரம். திரவம் வாயை அடைத்துக்கொண்டு மேலேறும்போது உள்ளிருக்கும் வாயுவுக்கு மூன்று வழிகளே உண்டு: சுருங்குதல், அச்சின் சுவர் வழியே ஊடுருவிப் போதல், ரெசினில் கரைதல். எந்த வாயு எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன.

இரண்டாம் படி: சிக்கிய வாயுவைக் கணக்கிடுதல்

பேனாவை எடுக்காமல் இந்தத் துறையில் எதையும் தீர்மானிக்கக் கூடாது. நல்ல வேளையாக, கணக்குகள் மேனிலைப் பள்ளி இயற்பியலுக்கு உட்பட்டவை. ஒரு குறிப்பிட்ட ஆரமுள்ள குமிழிக்குள் சுற்றியுள்ள திரவத்தைவிட எவ்வளவு அழுத்தம் கூடுதலாக இருக்கும் என்பது, பரப்பு இழுவிசையின் இருமடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். அக்ரிலேட் ரெசின்களின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவில் இருப்பதாகக் கொள்வோம். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழியில் கூடுதல் அழுத்தம் 6 கிலோபாஸ்கல்தான். 100 நானோமீட்டர் ஆரத்தில் அதே கணக்கு 600 கிலோபாஸ்கலைத் தருகிறது. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆகவே மிகச் சிறிய குழிகள் தம்மைத் தாமே நிரப்பிக்கொள்ளும் இயல்புடையவை. தொல்லை தருபவை பெரிய குழிகளும், ரெசின் துளிகள் பரவிச் சந்திக்கும்போது அவற்றின் நடுவே அடைபடும் அகன்ற காற்றுத் தீவுகளுமே. நானோ அளவில்தான் காற்று சிக்கும் என்று பலர் நினைப்பதற்கு நேர்மாறானது இது.

சாதாரணக் காற்றை வளிமண்டல அழுத்தமான 0.1 மெகாபாஸ்கலிலிருந்து (100 கிலோபாஸ்கல்) 0.3 மெகாபாஸ்கலுக்கு அழுத்தினால் கன அளவு மூன்றில் ஒரு பங்காகும். அதற்குமேல் அது கரைந்துதான் போக வேண்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ரெசினில் கரையும், ஆனால் மெதுவாக. உற்பத்திப் பொறியில் ஒவ்வொரு நொடிக்கும் விலை உண்டு, ஆய்வகத்தில் பொறுத்திருக்கலாம்.

மூன்றாம் படி: வாயுவைத் தேர்ந்தெடுத்தல்

வெற்றிடம் முதலில் தோன்றும் விடை. காற்றே இல்லையென்றால் குமிழியும் இல்லை. ஆனால் குறைந்த பாகுநிலைக்காகத் தேர்ந்தெடுத்த சிறிய மூலக்கூறு மோனோமர்கள் (இறுகும்போது சங்கிலியாகக் கோக்கப்படும் அடிப்படை மூலக்கூறுகள்) வெற்றிடத்தில் ஆவியாகிவிடும். கலவையின் விகிதம் துளிக்குத் துளி மாறும். சுழற்றிப் பூசிய மெல்லிய படலமும், ஆவியாகாத கனமான மோனோமர்களும் இருந்தால் மட்டுமே வெற்றிடத்தைப் பரிந்துரைப்பேன்.

ஹீலியம் இரண்டாவது. அணு மிகச் சிறியதாகையால் ரெசினுக்குள் விரைவாகப் பரவும். அதோடு, குவார்ட்ஸ் அச்சின் பொருளான உருக்கிய சிலிக்கா கண்ணாடியையும் ஊடுருவும். நைட்ரஜன் புக முடியாத இடத்தில் ஹீலியம் புகுந்து வெளியேறிவிடும் என்பதால் குவார்ட்ஸ் அச்சுப் பொறிகள் பலவற்றில் இதுவே பயன்படுகிறது. ரெசினில் தங்கும் அளவும் மிகக் குறைவு. ஆகவே உருவத்தைக் கெடுப்பதில்லை. விலைதான் தடை: இந்தியாவின் ஹீலியத் தேவை பெரும்பாலும் இறக்குமதியால் நிறைவேறுகிறது. இங்கே நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் சிதையும்போது வெளிவரும் ஆல்பா துகள்கள் எலெக்ட்ரான்களைப் பெற்று ஹீலியம் அணுக்களாகின்றன. 1908-இல் காமர்லிங் ஓனஸ் முதன்முதலாகத் திரவமாக்கிய ஹீலியமும் மோனசைட் மணலைச் சூடாக்கிப் பெற்றதுதான். அந்த மணல் அமெரிக்காவிலிருந்து வந்தது. திண்மத்துக்குள் வாயு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு நம் கால்களுக்குக் கீழேயே சான்று இருக்கிறது.

மூன்றாவது வகை ஒடுங்கும் வாயு. ஜப்பானின் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹிரோஷி ஹிரோஷிமா என்ற ஆய்வாளர் இதை அறிமுகப்படுத்தி விரிவாக ஆராய்ந்தார். பென்டாஃப்ளூரோபுரொப்பேன் என்ற வாயு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அறை வெப்பநிலையில் வாயுவாக இருந்தாலும், சிறிது அழுத்தினாலே திரவமாகிவிடும். திரவமானதும் கன அளவு இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. குழிக்குள் சிக்கிய வாயு ஏறக்குறைய மறைந்தே போகிறது என்று சொல்லலாம். ஆனால் மறைந்தது எங்கே போயிற்று? அந்தச் சிறு திரவத்தை ரெசின்தான் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சாவிட்டால் குழியின் நுனியில் ஒரு துளியாக நின்று குறையை உண்டாக்கும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் ரெசினே கெடும். இந்த இருமுகத் தன்மையே நம் பொருளின் மையம்.

நான்காம் படி: நம் ஊரின் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளுதல்

வெளிநாட்டுக் கட்டுரைகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரி வரை வைத்த தூய்மை அறைகளில் எடுக்கப்பட்டவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளிரூட்டப்படாத ஆய்வகத்தில் 30 டிகிரி சாதாரணம். பென்டாஃப்ளூரோபுரொப்பேனின் நிறைவுற்ற ஆவியழுத்தம், அதாவது அது திரவமாகத் தொடங்கும் அழுத்தம், 20 டிகிரியில் சுமார் 0.12 மெகாபாஸ்கல்; 30 டிகிரியில் சுமார் 0.18. எனவே அங்கே வளிமண்டலத்துக்கு மேல் 0.02 மெகாபாஸ்கல் கூட்டினாலே ஒடுங்கும் வாயு, இங்கே 0.08 கூட்டினால்தான் ஒடுங்கும். முன்பு கண்ட 10 மைக்ரோமீட்டர்க் குமிழியின் 6 கிலோபாஸ்கல், அதாவது 0.006 மெகாபாஸ்கல், இரண்டு இடத்திலும் போதாது. அச்சின் அழுத்தம் துணைக்கு வர வேண்டும்.

இன்னொரு விளைவு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரு வாயு ரெசினில் எவ்வளவு கரையும் என்பதை, அதன் பகுதியழுத்தம் நிறைவுற்ற ஆவியழுத்தத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் இவ்வாயு 20 டிகிரியில் நிறைவில் 82 விழுக்காட்டை எட்டியிருக்கும். 30 டிகிரியில் 57 விழுக்காட்டை மட்டுமே. ஆகவே நம் ஊர் வெப்பத்தில் ரெசின் குறைவாகவே உறிஞ்சும். ஒடுக்குவது கடினமாகிறது, உறிஞ்சுவதால் வரும் கேடு குறைகிறது. அறையின் வெப்பநிலையைக் குறித்துவைக்காமல் இரண்டு நாள் முடிவுகளை ஒப்பிடுவது வீண் என்பதை இதிலிருந்து உணரலாம்.

காற்றை முழுமையாக விரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 10 விழுக்காடு காற்று மிஞ்சிய கலவையை 30 டிகிரியில் 0.3 மெகாபாஸ்கலுக்கு அழுத்துகிறோம் என்க. ஒடுங்கும் வாயு 0.18 மெகாபாஸ்கலைத் தாங்கி நிற்க, மீதி 0.12-ஐக் காற்று தாங்குகிறது. தொடக்கத்தில் காற்றின் பகுதியழுத்தம் 0.01 ஆக இருந்தது. எனவே குமிழி தன் முந்தைய கன அளவில் 8 விழுக்காட்டில் நின்றுவிடும். அச்சைச் சுற்றி வாயுவைத் தாராளமாகப் பாய்ச்சிக் காற்றைத் துரத்துவது சடங்கன்று.

ஐந்தாம் படி: ரெசின் உறிஞ்சும் அளவை எடைபோட்டு அறிதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே பதிக்கத் தொடங்குவோரே அதிகம். நான் வற்புறுத்துவதும் இதைத்தான். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசும், ரப்பர் மூடியுள்ள பழுப்பு நிறக் குப்பியும், இரண்டு ஊசிகளும் போதும். குப்பியில் 2 கிராம் ரெசினை எடுத்து, ஓர் ஊசி வழியே வாயுவை மெதுவாகக் குமிழியவிட்டு, மற்றொன்று வழியே வெளியேறவிடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசிகளை எடுத்துவிட்டு எடைபோடுங்கள். எடை மாறாமல் நிற்கும் நிலையே நிறைவு.

இரண்டு பிழைகள் இதில் எளிதாகப் புகும். முதலாவது, குமிழிகள் மோனோமரையும் தம்முடன் கொண்டுசெல்லும்; ஆகவே அதே அளவு நைட்ரஜனைச் செலுத்தி, குறையும் எடையைத் தனியே கண்டு திருத்த வேண்டும். இரண்டாவது, பென்டாஃப்ளூரோபுரொப்பேன் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. குப்பியில் ரெசினுக்கு மேலே 10 மில்லிலிட்டர் காலியிடம் இருந்தால், அங்கே காற்றின் இடத்தை இவ்வாயு பிடிப்பதாலேயே எடை 40 மில்லிகிராமுக்கு மேல் கூடும். 2 கிராம் ரெசினில் அது 2 விழுக்காட்டுப் பிழை. காலிக் குப்பியிலும் அதே சோதனையைச் செய்து கழித்துவிடுங்கள்.

வெவ்வேறு ரெசின்களை வைத்துச் செய்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்டு தமக்குள் இறுகப் பிணைந்திருக்கும் மோனோமர்கள் இவ்வாயுவைக் குறைவாகவே ஏற்கின்றன. அத்தகைய பிணைப்பு இல்லாதவை நிறைய ஏற்கின்றன. வாயுவை மாற்ற முடியாத இடத்தில் ரெசினை மாற்றலாம் என்பதற்கு இது வழி.

எடை கிடைத்ததும் மூடிய குழாயில் சிறு குண்டு விழும் நேரத்தை அளந்து பாகுநிலையையும் காணுங்கள். கரைந்த வாயு ஒரு கரைப்பானைப் போலச் செயல்பட்டு ரெசினை இளக்குகிறது. குழி நிரம்பும் நேரம் பாகுநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பாகுநிலை பாதியானால் நிரம்பும் நேரமும் பாதியாகும். கெட்டியான ரெசின்களுக்கு இது பெரும் உதவி.

ஆறாம் படி: வாயு உள்ளே போகும் நேரமும் வெளியே வரும் நேரமும்

பரவலுக்கு ஆகும் நேரத்தை, தொலைவின் வர்க்கத்தைப் பரவல் கெழுவால் வகுத்துத் தோராயமாக அறியலாம். ரெசினில் வாயுவின் பரவல் கெழு நொடிக்கு ஒரு சதுர மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்று கொண்டால், 100 நானோமீட்டர் தடிப்புள்ள படலம் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறைவடைகிறது. வாயுவைத் திறந்தவுடன் படலம் நிறைந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். உறிஞ்சுவதற்கு நேரம் தராமல் விரைந்து பதித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

அச்சு இறங்கிய பின் நிலைமை வேறு. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள குவார்ட்ஸ் அச்சின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 5 மில்லிமீட்டர். அதே கெழுவில் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று நாள் வருகிறது. மூலக்கூறு பெரிதாகையால் குவார்ட்ஸ் வழியாகவும் போக முடியாது. எனவே ஒளி படும்வரையிலும், அச்சைப் பிரிக்கும்வரையிலும், கரைந்த வாயு முழுவதும் ரெசினுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. கோலி சோடாவில் கோலியை அமுக்கும்வரை கரியமில வாயு அடங்கியிருப்பதைப் போன்றது இது. திறந்த பிறகுதான் அது தன்னைக் காட்டும்.

ஏழாம் படி: ஒளியூட்டலும் ஆக்சிஜனும்

365 நானோமீட்டர் ஒளி பட்டதும் ரெசினில் கலந்துள்ள ஒளித்தொடக்கி பிளவுபட்டு, துடிப்பாக வினைபுரியும் தனி உறுப்புகளைத் தருகிறது. அவை மோனோமர்களைச் சங்கிலியாகக் கோக்கின்றன. காற்றோடு சமநிலையில் உள்ள அக்ரிலேட்டில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அளவு சிறிதுதான், ஆனால் தனி உறுப்புகள் மோனோமரோடு சேருவதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து, செயலற்ற பெராக்சி உறுப்புகளாகிவிடுகின்றன. கரைந்த ஆக்சிஜன் தீர்ந்தபின்தான் இறுகுதல் தொடங்கும். செல்போன் கடையில் நடுப்பகுதி இறுகி ஓரம் பிசுபிசுப்பதற்குக் காரணம், ஓரத்தில் ஆக்சிஜன் தீரத் தீரக் காற்றிலிருந்து நிரம்பிக்கொண்டே இருப்பதுதான். சிலிக்கோன் ரப்பர் அச்சு ஆக்சிஜனை ஊடுருவவிடும். அதைப் பயன்படுத்துவோர் அச்சின் பரப்பெங்கும் இந்த ஓரச் சிக்கலைச் சந்திக்க நேரும்.

ஹீலியமோ ஒடுங்கும் வாயுவோ ஆக்சிஜனை வெளியேற்றிவிடுவதால் தேவையான ஒளியளவு குறையும். எனவே காற்றில் வகுத்த ஒளியூட்டல் நேரத்தை அப்படியே எடுத்தாள வேண்டாம். ஒவ்வொரு வாயுவுக்கும் நேர வரிசையொன்றை வைத்துப் புதிதாகக் காணுங்கள். எபாக்சி, வினைல் ஈதர் போன்ற அயனிவழி ரெசின்களை ஆக்சிஜன் தடுப்பதில்லை. ஆனால் ஈரம் தடுக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டத்தில் அத்தகைய ரெசினைத் தேர்ந்தால், ஈரமானியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எட்டாம் படி: அச்சைப் பிரித்தபின் உருவத்தை அளத்தல்

அக்ரிலேட்டுகள் இறுகும்போதே கன அளவில் 5 முதல் 15 விழுக்காடு வரை சுருங்கும். அதன்மேல், சிறைப்பட்ட வாயு வெளியேறும் சுருக்கமும் சேர்கிறது. எடைச் சோதனையில், நிறைவுற்ற கலவையில் வாயு 20 விழுக்காடு என்று வந்ததாகக் கொள்வோம். திரவ நிலையில் அதன் அடர்த்தி சுமார் 1.34, ரெசினுடையது 1.1. அப்படியானால் கன அளவில் வாயுவின் பங்கு ஏறத்தாழ 17 விழுக்காடு. மீதி 83 பங்கும் இறுகும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கினால், கடைசியில் நிற்பது 75 பங்குதான். அச்சில் 100 நானோமீட்டர் ஆழமாக இருந்த கோடு, அடிப்பாகம் தளத்தோடு ஒட்டியிருப்பதால் சுருக்கத்தைப் பெரும்பாலும் உயரத்தில் காட்டும். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, கணக்கு முறையை உங்கள் ரெசினுக்குப் பொருத்திப் பாருங்கள்.

பரப்புச் சொரசொரப்பு இரண்டாவது அளவு. மோனோமரில் எளிதாகக் கரைந்த வாயு, வலைப்பின்னலாக இறுகிய பாலிமரில் அதே அளவு கரைவதில்லை. இறுகும்போதே அது பிரிந்து நுண்ணிய இடைவெளிகளை விட்டுச்செல்லக்கூடும். அணுவிசை நுண்ணோக்கியில் கோட்டின் உயரத்தையும், கோடில்லாத சமதளத்தின் சொரசொரப்பையும் சேர்த்தே எடுங்கள். காற்றில் பதித்த மாதிரியை ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஒன்று மட்டும் நன்மையாக அமையும்: இவ்வாயுவில் பதித்தால் அச்சைப் பிரிக்கத் தேவைப்படும் விசை குறைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே உருவம் சற்றுக் குறைந்தாலும் குறைபாடுகளும் அச்சின் தேய்மானமும் குறையலாம். எது முக்கியம் என்பதைச் செய்யும் பொருள் தீர்மானிக்கட்டும். அடியில் தங்கும் எச்சப் படலத்தை அரித்தெடுக்கும் வேகத்தையும் தனியே சரிபாருங்கள், ஏனெனில் அடர்த்தி குறைந்த படலம் விரைவாக அரிபடும்.

இத்தகைய நுண்ணோக்கியும் பதிப்புப் பொறியும் நம் கல்லூரிகளில் எளிதில் கிடைப்பவையல்ல. இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐஐடி போன்ற இடங்களின் நானோ உருவாக்க மையங்களை வெளிக் கல்லூரி மாணவர்களும் பயன்படுத்த இந்திய நானோமின்னணுப் பயனாளர் திட்டம் வழிசெய்கிறது. எடை, பாகுநிலை, ஒளியளவு ஆகியவற்றை நாகர்கோவிலிலேயே முடித்து, எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால், அங்கே கிடைக்கும் குறைந்த நாட்களைப் பதிப்பதற்கே செலவிடலாம்.

ஒன்பதாம் படி: வாயுவைப் பொறுப்போடு கையாளுதல்

பென்டாஃப்ளூரோபுரொப்பேன் ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியால் உடன்படிக்கையின் கிகாலித் திருத்தத்தின் அட்டவணையில் அதன் புவி வெப்பமாக்கும் திறன், கரியமில வாயுவைப்போல் 1030 மடங்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 2016-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட அத்திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. ஆகவே இன்று புதிதாகத் தொடங்குவோர், வெப்பமாக்கும் திறன் மிகக் குறைந்த ஓலெஃபின் வகை வாயுக்களை முதலில் சோதிப்பதே முறை. டிரான்ஸ்-டெட்ராஃப்ளூரோபுரொப்பீன் மைனஸ் 19 டிகிரியில் கொதிப்பதால் அறை வெப்பநிலையில் அதை ஒடுக்க 0.4 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். அதே காரணத்தால் வளிமண்டல அழுத்தத்தில் ரெசின் அதைக் குறைவாகவே உறிஞ்சும். சுமார் 18 டிகிரியில் கொதிக்கும் குளோரோடிரைஃப்ளூரோபுரொப்பீன் எளிதில் ஒடுங்கும், எளிதில் உறிஞ்சப்படவும் செய்யும். அழுத்தம் தரவல்ல பொறி இருந்தால் முன்னதையும், மென்மையான அழுத்தமே சாத்தியமென்றால் பின்னதையும் எடுத்து, ஐந்தாம் படியின் எடைச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

இவையனைத்தும் காற்றைவிடக் கனமானவை. கதவடைத்துக் குளிரூட்டிய சிறிய அறையில் தரையோடு தேங்கி, அங்குள்ள காற்றை இடம்பெயர்க்கும். வெளியேற்று விசிறியை மேலே சன்னலில் வைப்பது நம் ஆய்வகங்களின் வழக்கம். இந்த வேலைக்கு அதைத் தரைமட்டத்துக்கு இறக்க வேண்டும். வாயுவைத் திறப்பதற்கு முன்பே அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.